அப்பாவின் மேசையில் கேட்ட சத்தம்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்க வேண்டியவர் காதில் விழுந்தால் சரி. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதே, லைன் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். லைன் கெடவில்லை, நான்தான் வைத்தேன். அம்மாவுக்கு வயதாக ஆகக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பாய், அதுவும் இல்லை. நீ அன்று சொன்ன ஒரு வாக்கியத்தை இந்த வீட்டில் இதற்கு முன் நான் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன், அதை அப்படியே உன் குரலில் கேட்டதும் கை தானாகப் போனை வைத்துவிட்டது. அப்பா போன அன்று என்ன நடந்தது என்று நீ என்னை மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் நான் உனக்குச் சொன்னது பொய். அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுநடுவே "ஐயோ அம்மா" என்பாய், பிறகு எனக்கு முடிக்க வராது. அதனால் எழுதுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. கண் டாக்டர் இடது கண்ணை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார், சீட்டில் என் வயதில் ஒன்று கூட்டிப் போட்டிருந்தார், திருத்தித் தரச் சொல்லி நின்று வாங்கி வந்தேன். மேல்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு நர்ஸ் தினமும் மாலையில் படியிறங்கும்போது "இருக்கீங்களா அக்கா" என்று வாசலிலிருந்தே குரல் கொடுக்கிறாள், "இருக்கேன்" என்று பதில் சொல்வதற்காகவாவது இருக்க வேண்டியிருக்கிறது. பேரன் எழுதிய அட்டை வந்தது, வரிகள் மலை ஏறி இறங்குகின்றன, ஆனால் சொல்லுக்குச் சொல் சரியாக இடம் விட்டிருக்கிறான், பாட்டி பாராட்டினாள் என்று சொல். மாப்பிள்ளை முன்பொரு நாள் பேசும்போது, நீ வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாய், குழந்தை வந்து மேசையைத் தட்டித்தான் உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவர் கவனித்திருக்க மாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கம்ப்யூட்டர் போடும் சத்தம் உனக்குத் தெரியும், அவர் இருக்கும்போது நீ கடைசியாக வந்திருந்தபோதே "என்னப்பா, டிராக்டர் வாங்கியிருக்கீங்களா" என்று அவரைக் கேலி செய்தாய். ஸ்விட்சைப் போட்டதும் கடகடவென்று கிளம்பும், பிறகு அது ஒரு முனகலாக மாறும், அந்த முனகல் பெட்டியிலிருந்து மேசைக்கு இறங்கி, அவர் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கும் கண்ணாடி டம்ளர் கிலுகிலுவென்று நடுங்கத் தொட

வாசலில் யாரோ தட்டினார்கள், எழுந்து போய்விட்டு வந்தேன். கூரியர்காரர், மேல்வீட்டுப் பார்சலை என்னிடம் தள்ளிவிடப் பார்த்தார். மேலே ஒரு சொல் பாதியில் நிற்பதைப் பார்த்து அம்மாவுக்குக் கை நடுங்குகிறதோ என்று பயப்படாதே. அதை நான் முடிக்கப் போவதில்லை, காரணத்தை இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்கிறேன். டம்ளர் நடுங்க ஆரம்பித்தால் அப்பா விரலை மடக்கிப் பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார், டொக் டொக் என்று, உடனே அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நடுங்கும், மறுபடியும் தட்டுவார். வரைபட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் தலையைக் குனிந்து கோடு போட்ட மனிதர், ரிட்டயர் ஆன பிறகு தினமும் பிற்பகல் இரண்டரைக்கு அந்த மேசையில் உட்கார்ந்து நம் வீட்டுப் பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எந்த வருடம் என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் பின்னறையில் துணி தேய்ப்பேன். நடுவே சாப்பாட்டு அறையும் நடையும் இருந்தும் அந்த டொக் டொக் என் காதில் விழாத நாள் இல்லை. ரிப்பேர் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள் என்று நானும் நாலு வருடம் சொன்னேன், "தட்டினா கேக்குதே, எதுக்கு ஆளு? நீ தட்டினாக்கூட நான் கேக்கறேன்ல" என்பார்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கத்திக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. கல்யாணமான முதல் வாரமே சொல்லிவிட்டேன், இது வீடு, மீன் சந்தை இல்லை, வேண்டுமென்றால் எழுந்து வாருங்கள், எழ முடியாவிட்டால் தட்டுங்கள், எனக்குக் கேட்கும் என்று. நாற்பத்தாறு வருடம் அந்த மனிதர் இந்த வீட்டில் குரலை உயர்த்திக் கூப்பிட்டதில்லை. அன்று நான் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தேன், எட்டு உறை, ஆறு முடிந்திருந்தது. எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்தது, அது மூன்றேகால், அந்த மணியை வைத்துத்தான் நான் சுவர்க் கடிகாரத்தையே திருத்துகிறேன். பிள்ளைகளின் இரைச்சல் அடங்கியதும் டொக் டொக் என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அதன்பிறகு ஒரே ஒரு டொக், மெதுவாக. இன்றைக்கு அந்தச் சனியன் இரண்டு தட்டுக்கு அடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் போட்ட சட்டத்தை நானே மீறி, பின்னறையிலிருந்து கத்தினேன். "அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று. போன ஞாயிறு நீ சொன்னாயே, "அதைத் தூக்கிக் குப்பையில போடும்மா, நான் புதுசு அனுப்பறேன்" என்று, அதே வார்த்தை. அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. நல்லவேளை என்று மீதி இரண்டு உறையையும் தேய்த்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, இஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு மூன்று முப்பத்தைந்துக்கு முன்னறைக்குப் போனேன். உனக்கு நான் சொன்னது அவர் நாற்காலியில் தூங்கியபடியே போய்விட்டார், நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று. நாற்காலி என்பது மட்டும் உண்மை. அவர் வலது கை மேசைமேல் இருந்தது, விரல் மடங்கி இருந்தது.

காரியம் முடிந்து நீ திரும்பிப் போன அடுத்த வாரத்திலிருந்து தினமும் இரண்டரைக்கு நான் அந்தக் கம்ப்யூட்டரைப் போட ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் பிரிவுத் துயரம் என்று நீயும் நர்ஸும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும், நான் திருத்தவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அன்று தட்டியது கம்ப்யூட்டருக்கா, எனக்கா? ஒரு நோட்டுப் போட்டேன், தேதி, மணி, எந்த மாதிரிச் சத்தம், எவ்வளவு நேரம் என்று கட்டம் போட்டு எழுதினேன். டம்ளர் நடுங்கும், நானும் போய் இரண்டு தட்டு தட்டுவேன், அடங்கும். இப்படியே பத்து மாதம். பிறகு, இன்றைக்கு நாலு மாதத்துக்கு முன், நான் பின்னறையில் உன் அப்பாவின் கைக்குட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் இல்லாத முன்னறையில் டொக் டொக் என்று கேட்டது. இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். மறுபடியும் கேட்டது. போய்ப் பார்த்தேன், நாற்காலி நான் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது, அதில் யாரும் இல்லை, சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது, விரலை மடக்கி மரத்தில் தட்டுவது போல அப்படியே. எனக்குப் பயம் வரவில்லை பாப்பா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம் வந்தது. கம்ப்யூட்டர் தானாகத் தட்டும் என்றால் அன்றும் அதுவே தட்டியிருக்கலாம் இல்லையா. அவர் தட்டாமலே போயிருக்கலாம். நாலு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தேய்த்தேன், நிம்மதியாகத் தூங்கினேன். போன மாதம் ஒரு நாள் போட்டோ எதுவும் திறக்கவில்லை, அப்போதுதான் ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னேன்.

அவள் அனுப்பிய பெண்மணி செவ்வாய்க்கிழமை வந்தாள், நாற்பது வயது இருக்கும், பெரிய தோள், முன்பு தையல் ஆலையில் மெஷின் ரிப்பேர் பார்த்தவளாம், "ஆடுற மெஷின் எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதாம்மா" என்றாள். என் நோட்டைக் கொடுத்தேன், பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு "டாக்டர்கிட்ட போறவங்ககூட இப்படி எழுதிக்கிட்டுப் போக மாட்டாங்க" என்றாள், பாராட்டா கேலியா என்று தெரியவில்லை, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டு அரை நிமிடம் காதைக் கொடுத்தாள், தட்டும் சத்தம் வந்ததுமே முகம் மாறிவிட்டது. "முதல்ல உள்ள இருக்கிறதை வேற இடத்துக்கு மாத்திடுவோம், வியாதி என்னன்னு அப்புறம் பாக்கலாம். இந்தச் சத்தம் போடுற டிஸ்க் எப்ப கண்ணை மூடும்னு சொல்ல முடியாது" என்றாள். போட்டோக்கள் எல்லாம் அவள் கொண்டுவந்த இன்னொரு டிஸ்க்குக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாலைந்து தவிர எல்லாம் வந்துவிட்டன, உனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு சோதனை. பெட்டியைத் தூக்கி மடித்த துண்டின்மேல் வைத்தாள், மேசை நடுங்குவது நின்றது, டம்ளர் வாயை மூடிக்கொண்டது. "ஆட்டம் பெட்டியிலேருந்து வருது, மேசைதான் அதைப் பெருசு பண்ணிக் காட்டுது" என்றாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஃபேனையும் பென்சிலின் ரப்பர் முனையால் ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள், சத்தம் அப்படியே இருந்தது, ஆகவே ஃபேன் இல்லை. அணைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயரை மட்டும் உருவிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள், முனகலும் இல்லை தட்டலும் இல்லை, ஆகவே ஹார்ட் டிஸ்க்தான். அதைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்குரூ நாலு, இருந்தது மூன்று, அதில் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. கழற்றிய ஸ்குரூக்களை வாயில் கவ்விக்கொண்டே பேசினாள், நான் ஒரு சாஸரை நீட்டினேன், "பரவாயில்லம்மா, எனக்குப் பழக்கம்தான்" என்றாள், "எனக்குப் பழக்கம் இல்லை" என்றேன், சாஸரில் போட்டாள். நாலாவது ஸ்குரூ எங்கே என்று தேடும்போது டம்ளரில் இருந்த பேனாக்களைக் கவிழ்த்தேன், அடியில் கிடந்தது. என்றைக்கோ கழன்று விழுந்திருக்கிறது, பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார். நாலு வருடம் நான் குறை சொன்ன சத்தத்துக்கு மருந்து அந்த டம்ளருக்குள்ளேயே கிடந்து சேர்ந்து நடுங்கியிருக்கிறது. உன் அப்பாவை உனக்குத் தெரியுமே.

நாலையும் முறுக்கி, மறுபடியும் போட்டதும் முனகல் அடியோடு நின்றது. தட்டல் மட்டும் இருந்தது, ஆனால் அது இப்போது விரல் மடக்கித் தட்டுவது போல இல்லை, கைக்கடிகாரம் போல டிக் டிக் என்று சின்னதாக. "ஆட்டம் வேற வியாதி, இது வேற வியாதி. உள்ள ஊசி மாதிரி ஒண்ணு ஓடி ஓடிப் படிக்கும், இடம் தெரியாம முட்டிக்கிட்டு நிக்குது. டிஸ்க் லூசா இருந்ததால அந்த முட்டல் மேசை வரைக்கும் இறங்கி உங்களுக்குக் கதவைத் தட்டுற மாதிரி கேட்டிருக்கு" என்றாள். இது எத்தனை நாளாக இருக்கும் என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். "அதை அதுகிட்டயே கேப்போம். இது தினம் டைரி எழுதும்மா. எப்ப எழுப்பினாங்க, எப்ப தூங்க வெச்சாங்க, எங்க வலிச்சுது, எல்லாம் மணி நிமிஷத்தோட" என்றாள். எனக்கு அது தெரியாது பாப்பா. பதினான்கு மாதம் நான் ஒரு நோட்டு எழுதினேன், அது தன் நோட்டை எனக்கு முன்பே எழுதி வைத்திருந்தது.

முதல் கோளாறு என் நோட்டில் இருந்த அதே நாளில்தான் அதிலும் இருந்தது, நாலு மாதத்துக்கு முன். அதற்கு முந்தி ஒன்றுகூட இல்லை. "அதுவரைக்கும் டிஸ்க் கல்லு மாதிரி இருந்திருக்கு" என்றாள், நல்ல செய்தி சொல்வது போல. ஆக அன்று அது தானாகத் தட்டவில்லை. சரி, நடுக்கத்தை அடக்க அவர் வழக்கம்போலத் தட்டியிருக்கலாமே, அது இன்னும் மிச்சம் இருந்தது. தேதியைச் சொல்லி, அன்று எப்போது அணைத்தார்கள் என்று பார்க்கச் சொன்னேன். விரலால் இறக்கிக்கொண்டே போய் நிறுத்தினாள். "ரெண்டு முப்பத்தொண்ணுக்குப் போட்டிருக்காங்க. மூணு நாலுக்கு மூடியிருக்காங்க. பிளக்கைப் பிடுங்கலை, கரண்டும் போகலை, முறையா மூடியிருக்காங்க" என்றாள். கடிகாரம் தப்பாக இருக்கலாமே என்றேன். தன் போனோடு ஒத்துப் பார்த்தாள், இரண்டு நிமிடம் பின்னால் இருந்தது. அந்த இரண்டையும் எனக்குச் சாதகமாகக் கூட்டிக்கொண்டாலும் மூன்று ஆறு. பள்ளிக்கூட மணி மூன்றேகால். ஒன்பது நிமிடத்துக்கு முன்பே அணைந்துவிட்ட பெட்டி நடுங்காது, நடுங்காத பெட்டியை யாரும் தட்ட மாட்டார்கள். நாற்காலியை விட்டு எழும் முன் அணைத்துவிட்டு எழுங்கள் என்று நான் தினமும் சொல்வேன், அன்று சொன்னபடி அணைத்திருக்கிறார். எழ முடியவில்லை. எழ முடியாவிட்டால் தட்டுங்கள் என்றும் நான்தான் சொல்லியிருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "அன்னைக்கு என்னம்மா" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லாததை ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் முதலில் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள், கேட்டது அவள், அந்த நேரத்தில் எதிரே இருந்தது அவள். "நீங்க போயிருந்தா மட்டும்" என்று ஆரம்பித்தாள், "அந்த வாக்கியத்தை முடிக்காதே" என்றேன். முடிக்கவில்லை, நல்ல பெண். புதிய டிஸ்க்கை மாட்டி நாலு ஸ்குரூவும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பழையதை உன் சொல்படி குப்பையில் போடவில்லை, அன்று தேய்த்த அந்த இரண்டு உறைகளில் ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன், இரண்டையும் இதுவரை எந்தத் தலையணைக்கும் போடவில்லை. அன்று அவர் கடைசியாகச் சேமித்த போட்டோவில் நீ நாற்காலிமேல் ஏறி நிற்கிறாய். கீழே எழுதியிருக்கிறார், "பாப்பா, வயது ஐந்து. என் பேனாவைத் திருடிய அன்று." முற்றுப்புள்ளிகூட வைத்திருக்கிறார். அதன்பிறகு மூடியிருக்கிறார். அங்கிருந்து மணி அடிக்கும் வரை அந்த ஒன்பது நிமிடம் என்ன செய்தார் என்பது அந்த டைரியில் இல்லை, என் நோட்டிலும் இல்லை. இரண்டரை ஆனால் நான் போய் அந்த நாற்காலிக்கு எதிரே உட்காருகிறேன். கம்ப்யூட்டர் இப்போது மூச்சு விடுவதுகூடக் கேட்பதில்லை. அந்த ஒன்பது நிமிடம்தான் கேட்கிறது.

நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. மணி அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூட முடிக்கக் கூடாது, பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். எழுத்தை முடித்துவிட்டு எழுந்தவர்களுக்கு முழங்கால் தண்டனை. நான் ஒரு நாள்கூட அந்தத் தண்டனை வாங்கியதில்லை, அது எனக்குப் பெரிய பெருமை. இப்போது செவ்வாய்க்கிழமையிலிருந்து யார் தட்டினாலும், கூரியரானாலும் மேல்வீட்டு உரலானாலும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறேன். மேலே பாதியில் நிற்கும் சொல் அதனால்தான்.

நீ கேட்டாயே, அப்பா யாரையாவது கூப்பிட்டாரா என்று. கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார், ஐந்து தட்டு. இதைப் படித்ததும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே. ஆறுதலும் எழுதாதே, எனக்கு அது வேண்டாம். கோபம் வந்தால் கோபமாகவே எழுது, ஆனால் எழுது. பேரனுக்குக் குளிர் காலத்துக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன், கால் அளவை மாப்பிள்ளையிடம் சொல்லி இன்ச்சில் எழுதச் சொல், கண்ணளவு வேண்டாம். மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் இருக்க என் ஆசீர்வாதம். அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும்போது ஒரு காதையாவது வெளியே விடு. குழந்தை தட்டினால் எழுந்து போ, எதையும் முடித்துவிட்டுப் போகாதே.

இப்படிக்கு,
உன் அம்மா